'இல்லை' என்று சொல்ல எத்தனை பொத்தான்?

நண்பர் ஒருவர் கல்லூரியில் வரலாறு நடத்துகிறார். பிறவியிலேயே பார்வை கிடையாது. மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளியிலிருந்து வீட்டுப்பாடத் தாளைக் கணினிக் கோப்பாக அனுப்பியிருந்தார்கள். மகளை மடியில் வைத்துக்கொண்டு அதைத் திறந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் தன் இயந்திரக் குரலில் ஆரம்பித்தது: "எம், கே, செமிகோலன், கே, எச்."

குழந்தை சிரித்துவிட்டாள். "அய்யோ அப்பா, அது அம்மா!"

அவள் சொன்னது சரி. திரையில் 'அம்மா' என்றுதான் இருந்தது. கணினி சொன்னதும் சரிதான். அந்தத் தாளைப் 'பாமினி' எழுத்துருவில் அடித்திருந்தார்கள். பாமினி ஒரு முகமூடி. உள்ளே ஆங்கில எழுத்து எம், வெளியே அதற்கு 'அ' என்று ஓர் ஓவியம். கே என்றால் 'ம', செமிகோலன் என்றால் புள்ளி, எச் என்றால் துணைக்கால். கண்ணுக்குத் தெரிவது ஓவியம். ஸ்க்ரீன் ரீடருக்குக் கண் இல்லை. அது முகமூடிக்குப் பின்னால் இருப்பதைத்தான் படிக்கும்.

யுனிகோடில் இந்த ஏமாற்று வேலை கிடையாது. அங்கே 'அ'வுக்குச் சொந்தமாக ஓர் எண் உண்டு: 2949. உலகில் எந்தக் கணினியில் திறந்தாலும் 2949 என்றால் தமிழ் அகரம்தான். தமிழ்நாடு அரசு 2010-லேயே யுனிகோடைத் தன் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பாமினி அச்சகங்களிலும் பள்ளிகளிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. பழகிய கை விடாது.

எழுத்துருவோடு சிக்கல் முடிவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகள் பெரும்பாலும் வேறு ஊரில், வேறு மொழிக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன. பிறகு பொத்தான்களின் பெயரை மொழிபெயர்த்து நம் கையில் கொடுக்கிறார்கள். பெயர்ப்பலகையை மாற்றினால் கடை மாறிவிடுமா?

ஸ்க்ரீன் ரீடரையே எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு பாகம். ஒன்று, திரையில் இருக்கும் எழுத்தைப் பொறுக்கி எடுப்பது. இன்னொன்று, எழுத்தை ஒலியாக்குவது. முதல் பாகத்துக்கு மொழி பெரிய தடையில்லை. இன்று உலகமெங்கும் பலர் இலவசமாகப் பயன்படுத்தும் என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் 2006-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. அதைத் தொடங்கிய மைக்கேல் கரன், அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டே இருவருமே பார்வையற்றவர்கள். தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டார்கள். சிக்கல் வருவது இரண்டாம் பாகத்தில்.

தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பது எளிது என்று நாம் நினைக்கிறோம். நம் வாய்க்கு எளிது. 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ஒரே க. முதலாவதில் அது வல்லோசை. இரண்டாவதில் மெல்லினத்துக்குப் பின் வந்ததால் இளகிவிட்டது. மூன்றாவதில் இரு உயிர்களுக்கு நடுவே வந்து ஏறக்குறைய மூச்சாகவே ஆகிவிட்டது. 'பக்கம்' என்று இரட்டித்தால் மறுபடியும் வல்லோசை. இதை விதியாக எழுதிக் கணினிக்குக் கொடுத்துவிடலாம். தமிழ் ஒலிப்பு இந்த இடத்தில் அழகான கணக்கு.

கணக்கு உதைக்கும் இடம் பெயர்கள். 'கண்ணன்' விதிப்படி நடப்பான். 'கணேசன்' நடக்கமாட்டான். 'பாலும் பழமும்' சரியாக வரும். எதிர்வீட்டுப் 'பாலு'வைக் கூப்பிட்டால் பாலைக் கூப்பிட்ட மாதிரி இருக்கும். காந்தி, பாரதி, கோபால், பஸ் எல்லாமே இந்தக் கூட்டம். எழுத்தைப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. விதிவிலக்குகளை ஒரு பட்டியலாகச் சேர்த்து வைக்க வேண்டும். தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து சேர்க்கிற பட்டியல் அது.

எண்கள் இன்னொரு வம்பு. 'ரூ.1,500' என்று எழுதுகிறோம், 'ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்' என்று வாசிக்கிறோம். முன்னால் நின்ற 'ரூ' பின்னால் போய்விடுகிறது. '100-க்கு 60 பேர்' என்பதை அப்படியே ஒட்டினால் 'நூறுக்கு' என்று வரும். நமக்கோ அது 'நூற்றுக்கு'. ஆங்கிலத்தில் எண்ணுக்குப் பின்னால் வேற்றுமை உருபு ஒட்டுவதே இல்லை. ஆகவே ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலில் இதற்கென்று ஓர் இடமே இருக்காது.

இவற்றையெல்லாம்விட எனக்குச் சுவையாகப் பட்டது மூன்று ன பற்றிய கதை. நண்பர் கட்டுரை தட்டச்சு செய்யும்போது ஒவ்வோர் எழுத்தையும் அம்புக்குறி விசையால் தொட்டுச் சரிபார்ப்பார். இயந்திரம் 'ன' என்றது. எந்த ன? ந, ன இரண்டும் இன்று பெரும்பாலோர் வாயில் ஒரே ஒலி. ஆங்கிலத்தில் இப்படிக் குழப்பம் வந்தால் 'பி ஃபார் பிராவோ' மாதிரி ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. தமிழுக்கு என்ன செய்வது? பழைய தமிழ் வாத்தியார்கள் விடை வைத்திருக்கிறார்கள்: தந்நகரம், டண்ணகரம், றன்னகரம். தகரத்துக்குத் தோழன் ந, டகரத்துக்குத் தோழன் ண, றகரத்துக்குத் தோழன் ன. திண்ணைப் பள்ளிக் காலத்துப் பெயர்கள் ஒரு ஸ்க்ரீன் ரீடருக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்தது எனக்கு வியப்புதான்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈஸ்பீக் என்றொரு இலவசக் குரல் இருக்கிறது. இங்கிலாந்தின் ஜோனதன் டடிங்டன் உருவாக்கியது. அது பெரும்பாலும் மனிதக் குரலின் பதிவை நம்புவதில்லை. குரல்வளையிலும் வாய்க்குள்ளும் ஒலி எப்படி அதிர்கிறது என்பதைக் கணக்கால் போட்டுக் காட்டுகிறது. அதனால் மிகச் சிறியது. ஒலிப்பதிவுக் கூடமோ நிதியோ இல்லாமல், விதிகளை எழுதியே ஒரு புதிய மொழியைச் சேர்த்துவிடலாம். தமிழ் அப்படித்தான் அதில் நுழைந்தது. கேட்பதற்குத் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கும். சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் குழுவும் மற்றச் சில நிறுவனங்களும் மணிக்கணக்கில் மனிதக் குரலைப் பதிந்து, இயல்பான தமிழ்க் குரல்களை உருவாக்கியிருக்கிறார்கள். "இனிமேல் அதைத்தானே கேட்பீர்கள்?" என்று நண்பரிடம் கேட்டேன். "கதை கேட்க அது, வேலைக்குத் தகரம்" என்றார். அவர் கேட்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அந்த வேகத்துக்கு ஓட்டினால் இயல்பான குரல் குழைந்துவிடும். தகரக் குரல் கூர்மை கெடாமல் நிற்கும். இனிமை முக்கியம் என்று முடிவு செய்தது பார்வையுள்ள நாம்.

அந்நியக் கருவி ஒன்று நம் மொழிக்கு ஒழுங்காக வந்து சேர்ந்த கதையும் உண்டு. அது, விரலால் தடவிப் படிக்கும் பிரெயில். ஆறு புள்ளி, 63 சேர்க்கை, அவ்வளவுதான் மூலதனம். இந்தியாவில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி வேறு வேறு பிரெயில் முறைகள் இருந்தன. 1951-இல் யுனெஸ்கோ பெய்ரூட்டில் கூட்டிய மாநாட்டை ஒட்டி ஒரு பொதுமுறை முடிவானது. அதுதான் பாரதி பிரெயில். அதன் அடிப்படை மிக எளிது: வரிவடிவத்தை மற, ஒலியைப் பிடி. 1, 3 ஆகிய புள்ளிகள் ஆங்கிலத்தில் கே. அதே இரண்டு புள்ளிகள் தமிழில் க, இந்தியிலும் க. ஒன்றைக் கற்ற விரலுக்கு மற்றது பாதி தெரிந்துவிடும். அச்சில் 'கோ' எழுத ககரத்துக்கு முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால். பிரெயிலில் அந்தச் சுற்றிவளைப்பு இல்லை: முதலில் க, அடுத்து ஓ. ந, ன இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளிக்கோலம். காது குழம்பும் இடத்தில் விரல் குழம்பாது. கேட்டு மட்டுமே வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழை அதிகம் வருகிறது என்று பார்வையற்றோர் பள்ளி ஆசிரியர்கள் குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

கை அசையாதவர்களுக்கு வருவோம். ஒரே ஒரு பொத்தானை மட்டும் அழுத்த முடிந்தவர் எப்படி எழுதுவார்? கட்டங்களில் எழுத்துகள் இருக்கும். வெளிச்சம் முதலில் வரிசை வரிசையாக இறங்கும். வேண்டிய வரிசை வந்ததும் அழுத்துவார். பிறகு அந்த வரிசைக்குள் கட்டம் கட்டமாக நகரும், மறுபடி அழுத்துவார். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. ஐந்தாறு நகர்வில் காரியம் முடியும். தமிழுக்கு 247. பதினாறுக்குப் பதினாறு கட்டம் போட்டால், ஓர் எழுத்தைப் பிடிக்கச் சராசரியாகப் பதினாறு, பதினேழு நகர்வு. நகர்வுக்கு ஒரு விநாடி என்றால் 'தமிழ்' என்று எழுத ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

ஆனால் 247 என்பது உண்மையில் பெருக்கல் வாய்பாடு. பதினெட்டு மெய், பன்னிரண்டு உயிர். முதலில் மெய்யைத் தேர், அப்புறம் உயிரையோ புள்ளியையோ தேர் என்று இரண்டாகப் பிரித்தால் ஓர் எழுத்துக்குச் சுமார் பத்து நகர்வு போதும். க, த, ம மாதிரி அடிக்கடி வருவதை முன்னால் வைத்தால் இன்னும் குறையும். ஆங்கிலப் பலகையைப் பெரிதாக்கித் தமிழை அடைத்தவருக்கு இது தோன்றாது. அரிச்சுவடியில் உயிர்மெய் வரிசை சொல்லிப் பழகிய எவருக்கும் தோன்றும்.

பேச்சே வராத குழந்தைகளின் கதைதான் எல்லாவற்றையும்விடச் சிடுக்கானது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம் போன்ற காரணங்களால் வாய்ப்பேச்சு வராதவர்கள் படங்களைத் தொட்டுப் பேசுவார்கள். முன்பு அட்டையும் மரப்பலகையும், இப்போது டேப்லெட். படத்தைத் தொட்டால் கருவி அதைக் குரலாகச் சொல்லும்.

படத்துக்கு மொழி ஏது, எல்லோருக்கும் பொதுவாயிற்றே என்று தோன்றும். சார்ல்ஸ் பிளிஸ் அப்படித்தான் நம்பினார். 1897-இல் ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசில், பல மொழிக்காரர்கள் முட்டிமோதிய ஓர் ஊரில் பிறந்த யூதர். நாஜி முகாம்களில் அடைபட்டு, விடுதலையாகி, ஷாங்காய் போய்ச் சேர்ந்தார். அங்கே சீன எழுத்தைப் பார்த்து மயங்கினார்: பேச்சு வேறு வேறாக இருந்தும் எழுத்து எல்லோருக்கும் புரிகிறதே! பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறி, உலகுக்கெல்லாம் ஒரே குறிமொழி என்று 1949-இல் ஒரு நூலை வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1971-இல் கனடாவின் டொரன்டோவில், பேச்சு வராத குழந்தைகளுக்கான மையமொன்றில் ஷெர்லி மெக்நாட்டன் என்ற ஆசிரியை அதைக் கையில் எடுத்தார். குழந்தைகள் அந்தக் குறிகளால் பேசத் தொடங்கிவிட்டார்கள். பிளிஸ் முதலில் நெகிழ்ந்துபோனார், பிறகு கோபித்துக்கொண்டார். குழந்தைகளுக்கு ஏற்றபடி ஆசிரியர்கள் குறிகளை மாற்றுகிறார்கள், ஆங்கிலத்துக்குப் படிக்கல்லாக ஆக்குகிறார்கள் என்பது அவர் குறை. வழக்குவரை போனது.

பிளிஸின் குறிகளில் இதயம் என்றால் உணர்வு. நமக்குப் பாதி உணர்வு வயிற்றில் இருக்கிறது. எரிவதும் அங்கே, புளியைக் கரைப்பதும் அங்கே.

சரி, தமிழ்க் குழந்தை ஒன்று ஆங்கிலப் பலகையைத் தமிழாக்கியதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நோ' என்று ஒரு பொத்தான். அதில் 'இல்லை' என்று தமிழ் எழுதியாயிற்று. அம்மா கேட்கிறாள்: "இன்னொரு தோசை வைக்கவா?" குழந்தைக்கு வேண்டியது 'வேண்டாம்'. "இது உன் பென்சிலா?" – 'இல்லை' பொருந்தும். "எழுந்திருக்க முடியுமா?" – 'முடியாது'. "மாத்திரை சாப்பிடு" – 'மாட்டேன்'. தம்பி பொம்மையைப் பிடுங்குகிறான் – 'கூடாது', அல்லது 'தரமாட்டேன்'. ஆங்கிலத்தில் ஒரு பொத்தான் செய்கிற வேலைக்கு நமக்குக் குறைந்தது நான்கு பொத்தான் வேண்டும். எதிர்ப்பைச் சொல்வதுதான் பேசத் தொடங்கும் குழந்தையின் முதல் உரிமை. மொழிபெயர்ப்பு அதில்தான் முதலில் கைவைக்கிறது.

'வீ' என்ற பொத்தானும் அப்படித்தான். நாமா, நாங்களா? 'அங்கிள்', 'ஆன்ட்டி' இரண்டு படத்துக்குள் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, பெரியம்மா, சித்தி எல்லோரும் நெருக்கியடித்து நிற்க வேண்டும். 'குட்பை'யைப் 'போகிறேன்' என்று மாற்றி வைத்தால், வீட்டுப் பாட்டி அந்தக் கருவியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவாள். 'போயிட்டு வரேன்' என்றுதானே சொல்ல வேண்டும்! 'தேங்க்யூ'வுக்கும் 'ப்ளீஸ்'ஸுக்கும் ஆங்கிலப் பலகையில் முன்வரிசையில் இடம். நம் வீட்டில் அம்மாவுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? அந்த இடத்தில் 'வாங்க', 'சாப்பிட்டாச்சா', 'சும்மா' மூன்றையும் வைக்கலாம். 'சும்மா' இல்லாமல் ஒரு நாளைத் தமிழில் ஓட்ட முடியாது.

அடுத்தது வாக்கியம். ஆங்கிலத்தில் 'ஐ', 'வான்ட்', 'வாட்டர்' மூன்று படத்தையும் வரிசையாகத் தொட்டால் வாக்கியம் தயார். தமிழில் 'நான், வேண்டும், தண்ணீர்' என்று வரும். வரிசையை மாற்றினாலும் தீராது. 'நான்' என்பது 'எனக்கு' ஆக வேண்டும். நம் இலக்கணம் சொல்லின் வாலில் இருக்கிறது. படத்துக்கு வால் கிடையாது. அஜித் நாராயணன் இந்தச் சிக்கலைச் சென்னையில் இருந்துகொண்டே பிடித்தார். பேச்சு வராத குழந்தைகளுக்காக வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கியவர் அவர். படங்களை வரிசையாக அடுக்குவதை விட்டுவிட்டு, ஒரு வினைச்சொல்லை நடுவில் வைத்து அதிலிருந்து கேள்விகளால் கோடு போடுவோம் என்றார்: யார்? எதை? எப்போது? எங்கே? பொருள் அந்த வலையில் இருக்கும். அதை எந்த மொழியில் எப்படி வாக்கியமாக்குவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். 2013-இல் டெட் மேடையில் இதை விளக்கினார். நம் பள்ளியில் எழுவாய், செயப்படுபொருள் கண்டுபிடிக்க 'யார், எதை' என்று வினைச்சொல்லைக் கேட்கச் சொல்வார்களே, அதேதான்.

இவ்வளவும் சரியாக அமைந்து, கருவி கடைசியில் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று சொன்னது என்று வையுங்கள். இலக்கணம் சுத்தம். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை யாராவது அப்படிப் பேசுமா? 'தண்ணி வேணும்' என்றல்லவா சொல்லும். செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசுகிற குழந்தையோடு தெருப்பிள்ளைகள் விளையாட வரமாட்டார்கள், கேலி செய்வார்கள். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறாக இருப்பதால் வரும் வினை இது. பேச்சுத் தமிழை வைக்கலாம் என்றால் எந்த ஊர்ப் பேச்சு? நெல்லையில் 'என்னலே', கோவையில் 'என்னங்', யாழ்ப்பாணத்தில் இன்னொன்று. தொழிற்சாலையில் இதை முடிவு செய்யக்கூடாது என்பது என் கட்சி. பலகையைத் திறந்து வைக்க வேண்டும். சொல்லையும் படத்தையும் குரலையும் வீட்டார் மாற்றிக்கொள்ள வழி வேண்டும். பாட்டி குரலிலேயே 'பாட்டி' என்று பதிந்து வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

மொழியைத் தாண்டி, உட்காருவதிலும் ஊர்வழக்கம் இருக்கிறது. ஜெய்ப்பூர் கால் பற்றித் தெரியாதவர் குறைவு. அது ஏன் தேவைப்பட்டது என்பது பலருக்கு நினைவிருக்காது. 1960-களில் இங்கே கிடைத்த செயற்கைக்கால், மேல்நாட்டு மாதிரிப்படி ஷூவுக்குள் போடுவதற்காகச் செய்யப்பட்டது. ஷூவைக் கழற்றினால் அது கால் மாதிரியே இருக்காது, சேற்றில் நிற்காது. சம்மணம் போட முடியாது, குந்தி உட்கார முடியாது. காலைப் பெற்றுக்கொண்டு போன விவசாயிகள் அதை மூலையில் வைத்துவிட்டு மறுபடி ஊன்றுகோலோடு நடந்தார்கள். ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பிரமோத் கரண் சேத்தியும், அதிகம் படிக்காத சிற்பியான ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து, டயர்க்கடையில் ரப்பரை வேகவைத்து இறுக்குகிற அதே முறையில் ஒரு பாதத்தைச் செய்தார்கள். ஆண்டு 1968. தோல் நிறம், விரல்கள்கூட உண்டு. வெறுங்காலோடு வயலில் இறங்கலாம், கோயிலுக்குள் போகலாம், மரம் ஏறலாம். திருச்சி அருகே நடந்த விபத்துக்குப் பின் காலை இழந்த சுதா சந்திரன், இந்தக் காலோடுதான் மறுபடி பரதநாட்டிய மேடை ஏறினார். சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயர் அந்த அளவுக்கு வெளியே வரவில்லை. ரப்பரைப் பற்றி யோசித்தது அவர்தான்.

மகளின் வீட்டுப்பாடத்துக்குத் திரும்புகிறேன். அன்று அவள்தான் அப்பாவுக்குத் தாளை வாசித்துக் காட்டினாள். பார்க்க அழகாக இருந்தது; நியாயமாக இல்லை. பாடம் சொல்லிக்கொடுக்கவேண்டியவர் அவர்.

நீங்கள் ஆசிரியராகவோ, அலுவலகத்தில் சுற்றறிக்கை அனுப்புகிறவராகவோ, குடியிருப்போர் சங்கச் செயலாளராகவோ இருந்தால் ஒரு சின்ன வேலை. அடுத்த அறிவிப்பை யுனிகோடில் அடியுங்கள். அடித்த தாளைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடாமல், எழுத்தாகவே அனுப்புங்கள்.